பிரம்புத் தோலில் வில்நாண் செய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

திருநெல்வேலிப் பக்கம் வில்லுக்குப் பஞ்சமே இல்லை. அம்மன் கோயில் கொடை என்றால் வில்லிசை உண்டு. விஜயதசமி அன்று பாரிவேட்டைக்குச் சாமி புறப்பட்டு அம்பு போடும். குலசை தசராவுக்கு வேடன், குறவன், இராமன் என்று வேடம் கட்டுகிறவர்கள் ஆளுக்கொரு வில்லோடு வருவார்கள். வில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாணைப் பார்த்தால் நைலான் கயிறு, இல்லாவிட்டால் துணி காயப்போடுகிற கொடி. வேடத்துக்கு அது போதும். ஆனால் செடி கொடியிலிருந்தே ஒரு நல்ல நாண் எடுக்கலாம், அதுவும் முறுக்காமல், திரிக்காமல், பிரம்பைப் பிளந்து அதன் தோலை மட்டும் உரித்து எடுத்தே செய்யலாம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது வில்லிசை வில்லுக்கு ஆகாது. அந்த வில்லில் பூட்டுவது முறுக்கிய தோல் நாண். மணி கட்டி, வீசுகோலால் ராத்திரி முழுக்க அடித்தாலும் தாங்கும். பிரம்பு நாணை அப்படி அடித்தால் சுடலைமாடன் கதை பாதி வருவதற்குள் சிம்பு சிம்பாகப் பிரிந்துவிடும். இது எய்கிற வில்லுக்கான நாண், அதிலும் இளவில்லுக்கு, அதாவது இழுக்க லேசான வில்லுக்கு.

நாணுக்கு முறுக்கிய நார் என்பதுதான் நம் ஊர் வழக்கம். தேரிக்காட்டு ஓரத்திலும் வேலி அடியிலும் வரிவரியாக நிற்கிற மருள் செடியின் நார் இந்தியாவில் பழங்காலம் தொட்டே வில்நாணுக்கு ஆகிவந்தது. பிளந்த பிரம்பை அப்படியே நாணாகப் பூட்டுவது நியூ கினி மலைவாழ் மக்களின் முறை. வடக்கே பில் பழங்குடியினர் அதே வேலையை மூங்கில் பட்டையில் செய்கிறார்கள். ஆதிச்சநல்லூர் தாழிகளோடு இரும்பு ஆயுதங்கள் கிடைத்தன. ஆனால் நாரும் பிரம்பும் மண்ணில் நிற்காது. அந்தக் காலத்தில் இங்கே எதை நாணாகப் பூட்டினார்கள் என்று இரும்பை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் இதை "நம் முன்னோர் முறை" என்று நான் விற்கப்போவதில்லை. முறை வெளியூருடையது, பொருளும் கருவியும் நம் கைக்கு எட்டுகிறவை.

எல்லாம் தோலில்தான் இருக்கிறது

பிரம்பைக் குறுக்கே வெட்டி, வெட்டு முகத்தை நனைத்துப் பாருங்கள். ஓரத்தில் புள்ளிகள் நெருக்கமாக, அடர்த்தியாக இருக்கும். நடுவே போகப் போகப் புள்ளிகள் விலகி, இடையில் பஞ்சு மாதிரி சோறு தெரியும். அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் நீளவாட்டில் ஓடுகிற ஒரு நார்க்கட்டு. பிரம்பு பனை குடும்பத்துக் கொடி. மரம் மாதிரி உள்ளே வைரம் பாயாது. வைரமெல்லாம் வெளியே, தோலுக்கு அடியில். பனை வாரை எடுக்கிறவர்களுக்கு இது புதிதில்லை: வெளி வைரத்தை எடுத்துக்கொண்டு உள் சோற்றைத் தள்ளிவிடுவார்கள்.

ஆகவே இந்த வேலைக்கு ஒரே விதிதான். செதுக்குவது, சுரண்டுவது, மெல்லியதாக்குவது எல்லாம் உட்பக்கம் மட்டும். தோல் பக்கம் கத்தி படக்கூடாது. பளபளப்பான மேல்தோலில் ஒரு நகக்கீறல் அளவுக்குக் குறுக்கே வெட்டு விழுந்தாலும் நாண் ஒரு நாள் அந்த இடத்தில்தான் அறும்.

பிரம்பு வாங்குவது

களக்காடு முண்டந்துறை மலைக்குள் போய் வெட்டலாமா என்று நினைக்கவே வேண்டாம். 1988 முதல் அது புலிகள் காப்பகம். அங்கிருந்து ஒரு கொடி எடுத்தாலும் வழக்குதான். நாற்காலி, ஊஞ்சல் செய்கிற பிரம்புக் கடைகளில் கேளுங்கள். சிலம்பம் சொல்லித்தருகிற ஆசான்களுக்கும் நல்ல பிரம்பு எங்கே வரும் என்று தெரிந்திருக்கும். நாற்காலி பின்னுவதற்கென்று ரெடிமேடாகச் சுருட்டி விற்கிற பிரம்புத் தோல் வேண்டாம். அது 2, 3 மில்லிமீட்டர் அகலம்தான், நாணுக்குப் போதாது.

பெருவிரல் பருமன், அதாவது 20 முதல் 25 மில்லிமீட்டர் குறுக்களவு உள்ள முழுப் பிரம்பு வேண்டும். நீளம் குறைந்தது 5 அடி. கணுக்களுக்கு நடுவே எவ்வளவு நீளம் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. கையில் எடுத்துக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நெளிந்து வளர்ந்த பிரம்பு பிளக்கும்போதும் நெளிந்தே ஓடும். கரும்புள்ளி, பூஞ்சைக் கறை, ஊசித்துளை இருந்தால் கீழே வையுங்கள். ஊசித்துளை இருந்தால் உளுக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தட்டினால் மாவு கொட்டும். அப்புறம் மெல்ல வளைத்துப் பாருங்கள். மேல்தோல் பொரிந்து சிறு செதில் தெறித்தால் அதிகம் காய்ந்த சரக்கு. ஊறவைத்தால் ஓரளவு தேறும். ஆனால் வளைக்கும்போது குறுக்கே வெள்ளைக் கோடு விழுந்தால் தேறாது.

கடைக்காரர் வெளுத்து, வார்னிஷ் அடித்துப் பளபளவென்று வைத்திருப்பதை நம் தலையில் கட்டப் பார்ப்பார். வார்னிஷ் அடித்த பிரம்பில் தண்ணீர் இறங்காது, நோயும் தெரியாது. பச்சையாக, கொஞ்சம் அழுக்காக இருக்கிறதே நமக்குச் சரி.

பிரம்பு கிடைக்கவில்லை என்றால் மூங்கில். கல்மூங்கிலை விடப் பெருமூங்கிலின் தோல் நீளமாக, நெகிழ்வாக உரியும். ஆனால் மூங்கிலைப் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும். கீழே சொல்வதெல்லாம் பிரம்புக்கு. மூங்கிலுக்கு மாறுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன்.

கருவிகள்

பெரிதாக ஒன்றும் இல்லை. பிளக்க ஒரு சின்ன அரிவாளோ கனமான கத்தியோ போதும். சுரண்டுவதற்குப் பனையேறிகள் வைத்திருக்கிற பாளை அரிவாளை மிஞ்ச ஒன்றும் கிடையாது. வீட்டில் பழையது கிடந்தால் தீட்டி எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கூரான பேனாக்கத்தி. கூடவே உடைந்த கண்ணாடித் துண்டு, நைஸ் உப்புத்தாள், பருத்தி நூல், தேன்மெழுகு, இட்லிக் கொப்பரை, கொக்கித் தராசு. இடது கைக்கு ஒரு தோல் கையுறை கண்டிப்பாக வேண்டும். பிரம்பின் விளிம்பு பிளேடு மாதிரி; உருவும்போது விரலை அறுத்துவிடும்.

ஊறவைத்தல்

காய்ந்த பிரம்பை ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் போடுங்கள். தொட்டி இல்லாதவர்கள் ஈயக் குழாயோ பிவிசி குழாயோ ஒரு முனை அடைத்து நிறுத்தி அதற்குள் இறக்கலாம். விரலைச் சுற்றி வளைக்கிற அளவுக்குப் பதம் வர வேண்டியதில்லை. முழங்கால் மேல் வைத்து அழுத்தினால் சத்தமில்லாமல் வளைந்தால் போதும். இரண்டு மூன்று நாள் என்று போட்டுவிட்டால் கறுத்து நாறும். மூங்கிலுக்கு இது நேர்மாறு. பிளந்த மூங்கில் பட்டைகளை ஓடுகிற தண்ணீரில் பல நாள் அமிழ்த்தி வைத்தால் அதிலுள்ள மாச்சத்து கரைந்து, பின்னால் உளு அவ்வளவாக அண்டாது.

பிளப்பது

இதுதான் மொத்த வேலையின் உயிர். அவசரப்பட்டால் பிரம்பு வீணாகும்.

பிரம்பைச் சரிபாதியாக, பாதியைச் சரிபாதியாக, கால் துண்டைச் சரிபாதியாக, இப்படித்தான் பிளக்க வேண்டும். ஒரே மூச்சில் ஓரத்திலிருந்து ஒரு பட்டையைச் சீவி எடுக்க முயன்றால் கத்தி இரண்டு சாண் போவதற்குள் வெளியே ஓடிவிடும். காரணம் எளிது. பிளவு எப்போதும் மெல்லிய பக்கம் நோக்கியே ஓடும். இரண்டு பக்கமும் சம கனமாக இருந்தால் எந்தப் பக்கமும் ஓடாமல் நடுவிலேயே நிற்கும்.

வெட்டு முகத்தின் நடுவில் கத்தியை வைத்து ஒரு தட்டு. ஓர் அங்குலம் இறங்கியதும் கத்திக்கு வேலை முடிந்தது. இனி பிளவின் வாயைத் திறந்துகொண்டு போக வேண்டியது உங்கள் கைகள். ஒவ்வொரு பாதியை ஒவ்வொரு கையில் பிடித்து, பெருவிரல்கள் பிளவின் நுனிக்கு அருகிலேயே இருக்கும்படி, மெல்ல மெல்ல விரித்துக்கொண்டே கீழே இறங்குங்கள். கிர்ரென்று ஒரே சீராகச் சத்தம் வரும். சத்தம் மாறினால் நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மெலிந்து, மறு பக்கம் தடித்துக்கொண்டு போகிறதா? அப்படியானால் தடித்த பக்கத்தை அதிகமாக வளைத்து இழுங்கள். மெல்லிய பக்கத்தை நேராக வைத்திருங்கள். பிளவு திரும்பித் தடித்த பக்கமாக நகர்ந்து நடுவுக்கு வரும். தோன்றுவது இதற்கு எதிராக, மெலிகிற பக்கத்தைப் பிடித்து இழுக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். இழுத்தால் அந்தப் பக்கம் மேலும் மெலிந்து அறுந்து கையோடு வரும்.

கூடை முடைகிற ஒரு பெரியம்மாவிடம் கத்தி ஏன் ஓடுகிறது என்று கேட்டதற்கு, "எய்யா, கத்தி போற பக்கம் நீ போவாத. கத்திய நீ கூட்டிக்கிட்டுப் போ" என்றார். பக்கம் பக்கமாக எழுதினாலும் இதைவிடச் சரியாகச் சொல்ல வராது.

கணு வரும்போது நின்று நிதானமாக. கணுவில் நார் சற்றே விலகி ஓடும், பிளவும் அங்கே துள்ளும். இரண்டு கைகளையும் கணுவுக்கு மேலும் கீழுமாக நெருக்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக விரியுங்கள். மூங்கிலாக இருந்தால் நுனிப்பக்கத்திலிருந்து பிளக்கத் தொடங்குங்கள். கணு வரும்போது கத்தியின் முதுகில் ஒரு தட்டு தட்டினால் டப்பென்று திறந்துகொள்ளும்.

22 மில்லிமீட்டர் பிரம்பின் சுற்றளவு ஏறக்குறைய 69 மில்லிமீட்டர். எட்டாகப் பிளந்தால் ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். எட்டில் எட்டும் தேறாது. கணு சிறுத்ததாக, நேராக, தோல் பழுதில்லாததாக இரண்டு மூன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மற்றதைக் கூடை முடையவோ செடிக்குக் கொம்பாகவோ கொடுத்துவிடுங்கள்.

சோற்றை எடுப்பது

இப்போது கையில் இருப்பது முக்கோண வெட்டுமுகம் உள்ள ஒரு கீற்று. முதுகில் தோல், வயிற்றில் சோறு. வயிற்றைப் படுக்கைவாட்டில் பிளந்து முக்கால்வாசிச் சோற்றை உரித்துவிடுங்கள். இங்கேயும் அதே விதிதான். ஒரேயடியாகத் தோல் ஓரமாகக் கத்தியை விடாமல், பாதி பாதியாக உரித்து வாருங்கள். மூன்று மில்லிமீட்டர் பருமன் வந்ததும் பிளப்பதை நிறுத்திச் சுரண்டலுக்கு வாருங்கள்.

தொடை மேல் ஒரு சாக்கை மடித்துப் போட்டு, அதன் மேல் கீற்றைத் தோல் கீழே இருக்கும்படி வையுங்கள். பாளை அரிவாளைச் சாய்க்காமல் நேர்குத்தாக நிறுத்தி, அழுத்தாமல் பிடியுங்கள். கத்தி அசையக்கூடாது, கீற்றைத்தான் இடது கையால் உருவ வேண்டும். கத்தியை நகர்த்தினால் அது நாருக்குள் இறங்கிவிடும், கீற்றை உருவினால் மேலே மாத்திரம் வழித்துக்கொண்டு போகும். சுருள் சுருளாக மெல்லிய பூப்போல் விழுந்தால் பதம் சரி. தூள் தூளாக விழுந்தால் கீற்று காய்ந்துவிட்டது, மறுபடி நனையுங்கள்.

அளவு: உடல் பகுதி 7 மில்லிமீட்டர் அகலம், 2 மில்லிமீட்டர் பருமன். அகலத்தை ஒரே சீராகக் கொண்டுவர, ஒரு மரக்கட்டையில் இரண்டு கத்தி நுனிகளை 7 மில்லிமீட்டர் இடைவெளியில் செங்குத்தாக அறைந்து நிறுத்தி, அதற்கு நடுவே கீற்றை உருவலாம். நாற்காலிப் பின்னல்காரர்கள் தோலை ஒரே அகலத்துக்குக் கொண்டுவருவது இப்படித்தான். கணு இருக்கிற இடத்தில் மட்டும் பருமனைக் கொஞ்சம் கூடுதலாக விட்டுவிடுங்கள். கணுவைச் சமமாக்கிவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். அங்கே நார் வளைந்து ஓடுகிறது. சமமாகச் சீவினால் நாரைக் குறுக்கே அறுத்ததாக அர்த்தம்.

கடைசியாக இரண்டு விளிம்புகளையும் கண்ணாடித் துண்டாலும் உப்புத்தாளாலும் மழுக்குங்கள். பிறகு ஒரு பிடி பஞ்சை எடுத்து விளிம்பு ஓரமாக இழுத்துப் பாருங்கள். பஞ்சு எங்கேயாவது மாட்டினால் அங்கே ஒரு சிம்பு எழும்பியிருக்கிறது. எழும்பிய சிம்பை இழுத்துப் பிய்க்காதீர்கள், அது ஓடிக்கொண்டே போகும். அடியோடு வெட்டி, உப்புத்தாள் போடுங்கள்.

நீளம்

உங்கள் வில் 4½ அடி என்று வைத்துக்கொள்வோம். நாண் மாட்ட இரு முனையிலும் போடுகிற வெட்டுகளுக்கு இடையே 52 அங்குலம் வரும். முடிந்த பிரம்பு நாண் அதைவிட 8 அங்குலம் குறைவாக, 44 அங்குலம் இருக்கட்டும். மிச்சத்தை இரண்டு முனையிலும் கட்டப்போகிற நார்க்கயிறு ஈடுகட்டும். ஏன் இப்படிக் கயிறு சேர்க்க வேண்டும்? பிரம்பு நாணை முறுக்கி நீளம் குறைக்க முடியாது, இழுத்து நீட்டவும் முடியாது. செய்து முடித்த பிறகு நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையிலுள்ள உயரத்தைக் கூட்டக் குறைக்கக் கயிறு ஒன்றுதான் வழி. முழுப் பிரம்பிலேயே கண்ணி போடுகிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கண்ணிக்குள் வில் முனை நுழைய நாண் இரு முனையிலும் கால் சுற்று திரும்பி நிற்க வேண்டும். முதல் நாணுக்கு அந்த வம்பு வேண்டாம்.

முனை மடிப்புக்காக இரண்டு பக்கமும் கூடுதலாக ஐந்தைந்து அங்குலம் விட்டு, மொத்தம் 54 அங்குலத்தில் வெட்டுங்கள்.

முனையில் காது மடிப்பது

நாண் நடுவில் அறுவது அபூர்வம். அறுந்தால் முனையில்தான் அறும். அதனால் முனையை வளைத்து மடிக்கிற இந்த வளையத்துக்கு, அதாவது காதுக்கு, நேரம் கொடுங்கள்.

ஒவ்வொரு முனையிலும் கடைசி 10 அங்குலத்தை உட்பக்கமாகச் சுரண்டிப் படிப்படியாக மெல்லியதாக்கி, மடிப்பு வருகிற இடத்தில் 1 மில்லிமீட்டருக்குக் கொண்டு வாருங்கள். பாதிப் பருமன் போதுமா என்று பயம் வரும். போதும். மடித்த பிறகு சுமையை இரண்டு கால்கள் பங்கிட்டுத் தாங்குகின்றன. இரண்டும் சேர்ந்தால் மறுபடி 2 மில்லிமீட்டர். ஆனால் மடித்த பின் திரும்பி வருகிற துண்டின், அதாவது வாலின், கடைசி அரை அங்குலத்தை மெலிக்காமல் தடிப்பாகவே விடுங்கள். மேலே சுற்றுகிற நூல் நழுவாமல் அந்தத் தடிப்புதான் தடுக்கும். மடிப்பு விழுகிற இடத்தில் கணு இருக்கவே கூடாது. கீற்றை வெட்டும்போதே இதைக் கணக்குப் பார்த்துத் தள்ளி வெட்ட வேண்டும்.

இட்லிக் கொப்பரையில் தண்ணீர் கொதித்து ஆவி வந்ததும், தட்டை எடுத்துவிட்டு முனையை உள்ளே விட்டு, ஈரத்துணியால் வாயை மூடுங்கள். பத்து நிமிடம். வெளியே எடுத்த கையோடு, சுண்டுவிரல் பருமன் உள்ள ஒரு மரக்குச்சியைச் சுற்றித் தோல் வெளியே வரும்படி மடியுங்கள். மடிப்பதில் தயக்கம் கூடாது, பாய்ச்சலும் கூடாது. ஆவிச் சூடு இறங்க நேரமாகாது. வாலை உடலின் உட்பக்கத்தோடு ஒட்டி வைத்துத் துணிக்கிளிப்போ நூலோ போட்டுப் பிடித்து, குச்சியோடு அப்படியே ஒரு நாள் நிழலில் ஆறவிடுங்கள்.

காய்ந்ததும் வாலும் உடலும் ஒட்டுகிற இடத்தில் புளியங்கொட்டைப் பசை தடவி, மெழுகு தேய்க்காத பருத்தி நூலால் குச்சி ஓரத்திலிருந்து தொடங்கி நெருக்கமாகச் சுற்றுங்கள். நூல் நூலைத் தொட வேண்டும், நூல் மேல் நூல் ஏறக்கூடாது. வால் முடிந்து அரை அங்குலம் தாண்டும் வரை சுற்றி, கடைசிச் சுற்றுகளுக்கு அடியில் நூல் முனையை நுழைத்து இழுத்து இறுக்குங்கள். பசை முழுக்கக் காய்ந்த பிறகு மேலே தேன்மெழுகு. பசை ஈரத்துக்கு இளகும், அதை மெழுகு காக்கும். சாரல் காலத்தில் தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் இருக்கிறவர்கள் மெழுகில் கஞ்சத்தனம் பண்ண வேண்டாம்.

பெவிக்கால் போடலாமா என்றால், போடலாம். வேலை நடக்கும். புளியங்கொட்டைப் பசை என் பிடிவாதம், அவ்வளவுதான்.

கயிற்றுக் கண்ணி

மருள் இலையைப் பலகையில் வைத்து மொட்டைக் கத்தியால் சதையை வழித்தெடுத்தால் வெள்ளை நார் வரும். அலசிக் காயவைத்து இரண்டு புரியாகத் திரித்து, 3 மில்லிமீட்டர் பருமனில் கயிறாக்குங்கள். மருள் கிடைக்காவிட்டால் கற்றாழை நார். இந்தக் கயிற்றைக் காதுக்குள் இரண்டு சுற்று விட்டுக் கட்டுங்கள். வில்லின் கீழ்முனைக்கு நிலையான கண்ணி. மேல்முனைக்குக் கண்ணி வேண்டாம். கயிற்றை முனை வெட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி, தன் மேலேயே செருகி இறுக்கிக்கொள்ளலாம். நீளத்தைச் சரிபார்க்க இதுதான் வசதி.

பாரம் கட்டித் தொங்கவிடுவது, சோதிப்பது

முடிந்த நாணை உத்தரத்தில் தொங்கவிட்டு, கீழே ஐந்து கிலோ பாரம் கட்டி இரண்டு நாள் நிழலில் விடுங்கள். வெயில் பட்டால் தோல் பொரியும்.

அப்புறம் சோதனை. நாணின் தாங்குதிறன் வில்லின் இழுவிசையைப் போல் குறைந்தது நான்கு மடங்கு இருக்க வேண்டும் என்பது வில்லாளிகள் பொதுவாகச் சொல்கிற கணக்கு. வில்லை முழுக்க இழுத்துக் கொக்கித் தராசில் பாருங்கள். 11 கிலோ காட்டினால் நாண் 45 கிலோவாவது தாங்க வேண்டும். ஒரு சிமெண்ட் மூட்டை 50 கிலோ. சோதனைக்கென்றே அளந்து கொடுத்தது மாதிரி. மூட்டையைத் தரையிலிருந்து நாலு விரல் உயரம் மட்டும் எழும்பும்படி கட்டுங்கள், அறுந்தாலும் கால் தப்பும். மூட்டையைத் திடீரென்று விடாமல், கீழே வைத்த கட்டையை மெல்ல உருவுங்கள். ஐந்து நிமிடம் தொங்கட்டும். இறக்கிய பின் காது, கணு, சுற்று நூலின் ஓரம் மூன்றையும் வெயிலில் பாருங்கள். தோலில் குறுக்கே மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் அந்த நாணை வில்லில் பூட்டக் கூடாது.

என் கருத்தைக் கேட்டால், 12, 13 கிலோவுக்கு மேல் இழுக்கிற வில்லுக்குப் பிளந்த பிரம்பை நம்ப வேண்டாம். தடியாகச் செய்தால் தாங்கும்தான். ஆனால் தடித்த நாணின் எடையைச் சுமந்தே வில்லின் வேகம் போய்விடும்.

பூட்டுவதும் எய்வதும்

தோல் பக்கம் எய்கிறவரைப் பார்த்து இருக்கட்டும். நாணை இழுக்கும்போது அது உங்கள் பக்கம்தான் முனைகொண்டு மடியும். மடிப்பின் வெளிப்புறம் இழுபடும், இழுவையைத் தாங்குவது தோல். விரலுக்கும் வழவழப்பு. நாணுக்கும் வில்லின் பிடிக்கும் இடையே நான்கு அங்குலம் போதும். நூல் நாணுக்கு வைக்கிற மாதிரி ஒரு முஷ்டி வைத்து, பெருவிரலையும் நிமிர்த்தி அளக்கிற உயரம் இதற்குத் தேவையில்லை.

நாண் பட்டையாக இருப்பதால் அம்பின் அடியில் வெட்டு போட வழியில்லை. 7 மில்லிமீட்டர் பட்டையைக் கவ்வ வெட்டு போட்டால் அம்பின் அடியில் மரமே மிஞ்சாது. நியூ கினி அம்புகளுக்கு வெட்டும் கிடையாது, இறகும் கிடையாது. அடி தட்டையாக இருக்கும். அம்பின் அடியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே கிள்ளிப் பிடித்து, நாணோடு சேர்த்து இழுப்பதுதான் முறை. அம்பு நாணை விட்டு நழுவினால் வெறும் வில்லை எய்த கதையாகிவிடும், அதில் நாணும் போகும், வில்லும் போகும். ஆகவே முதலில் பாதி இழுவையில் பழகுங்கள். அம்பு பிடிக்கிற இடத்தில் ஓர் அங்குலத்துக்கு நூல் சுற்றினால் பிடிப்புக் கிடைக்கும்.

அம்பே வேண்டாம் என்றால் மண் உருண்டை எய்கிற உண்டைவில். இந்தப் பட்டை நாண் அதற்குத்தான் இன்னும் பொருந்தும் என்பேன். ஒரே அளவில் இரண்டு நாண் செய்து, அகலமான முனைகள் உள்ள வில்லில் அருகருகே பூட்டி, இரண்டும் ஒட்டாமல் இருக்க மேலும் கீழும் அங்குல நீளத்தில் சிறு மூங்கில் துண்டுகளைக் குறுக்கே கட்டி, நடுவில் துணியோ தோலோ தைத்த சிறு தொட்டில் வைத்தால் முடிந்தது. குளத்துக் கரம்பையை உருட்டி நிழலில் காயவைத்தால் உண்டை ரெடி. எய்யும்போது வில் பிடித்த கையை ஒரு பக்கமாகச் சற்றுத் திருப்ப வேண்டும். திருப்பாவிட்டால் உண்டை உங்கள் பெருவிரலைத்தான் பதம் பார்க்கும். குறிக்கு ஓட்டைப் பானை வையுங்கள். கிளி, மயில், கொக்கு என்று எந்தப் பறவையின் மேலும் உண்டையோ அம்போ போகக்கூடாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். விளையாட்டுக்குத்தானே என்றால் வனத்துறை விடாது.

பராமரிப்பு

பிரம்புக்கு எதிரி இரண்டு: அதிகக் காய்ச்சல், அதிக ஈரம். ஆனி ஆடியில் வள்ளியூர், ராதாபுரம், கயத்தாறு பக்கம் காற்றாடிகளைச் சுழற்றுகிற அதே காற்று நாணையும் உலர்த்திச் சுக்காக்கிவிடும். அந்த மாதங்களில் பூட்டுவதற்கு அரைமணி முன்னால் ஈரத்துணியால் நாணை ஒரு முறை உருவி விடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாண் ஈரம் குடித்துத் தொய்யும். தொய்ந்ததே என்று கயிற்றை இறுக்கிவிட்டு மறந்துபோனால், காய்ந்து சுருங்கும்போது வில்லை இழுத்துப் பிடிக்கும். வேலை முடிந்ததும் கழற்றிவிடுவதுதான் எல்லாவற்றுக்கும் மருந்து. கழற்றிய நாணைச் சுருட்டாமல், ஆணியில் நீளவாட்டில் தொங்கவிடுங்கள். விறகடுப்பு உள்ள வீடானால் புகை படுகிற பரண் நல்ல இடம், உளு அண்டாது. இல்லாவிட்டால் மாதம் ஒரு முறை உட்பக்கம் மட்டும் வேப்பெண்ணெய் தொட்டுத் துடையுங்கள். மெழுகும் எண்ணெயும் சேர்ந்தால் நூல் வழுக்கும், அதனால் காதுப் பக்கம் எண்ணெய் வேண்டாம்.

ஒவ்வொரு முறை பூட்டும் முன்பும் பஞ்சுச் சோதனை. விளிம்பில் சிம்பு எழும்பினால் உப்புத்தாள் போட்டு, அங்கே நான்கு சுற்று நூல் சுற்றி ஓட்டலாம். கணுவிலோ காது மடிப்பிலோ வெள்ளைக் கோடு கண்டால் ஓட்ட வேண்டாம், கழற்றிவிடுங்கள். அப்படிக் கழிந்த நாணையும் தூக்கிப் போடாதீர்கள். ஊறவைத்து நாலாகக் கிழித்தால், அடுத்த நாணின் காதுக்கு நூலுக்குப் பதிலாகச் சுற்ற அந்தத் தோலே ஆகும்.